சாப்பாட்டு மேசையில் ஓடிய கோச்சி

அப்பாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. எனக்கும்தான். நான் எழுந்து நடந்தால் வேலை என்பார்கள், அவர் எழுந்து நடந்தால் மறதி நோய் என்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். குண்டசாலையில் எங்கள் வீடு சின்னது. முன்வாசல், ஹால், சமையலறை, பின்வாசல் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். அந்தக் கோட்டில் அப்பா காலையில் தொடங்கி இருட்டும்வரை போய் வந்துகொண்டிருப்பார். போகிற வழியில் கதவுக் கொண்டியைத் தொட்டுப் பார்ப்பார். ஜன்னலில் நின்று இரண்டு பக்கமும் எட்டிப் பார்ப்பார். சோற்றுக்கு உட்காரவைத்தால் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். கால் வீங்கி, என் மனைவி ஒரு காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மற்றக் கால் புறப்படத் தயாராகிவிடும்.

அவர் ரயில்வேயில் கேட் காவலராக இருந்தவர். வத்தேகமைக்குக் கிட்ட, பஸ் ரோட்டைத் தண்டவாளம் வெட்டிப் போகும் இடத்தில் அவருடைய கேட்டு. ஒரு சின்ன அறை, ஒரு போன், இரண்டு கொடிகள், ஒரு கைவிளக்கு. ரயில் வருகிறது என்று ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் கேட்டை மூட வேண்டும், கோச்சி போனதும் திறக்க வேண்டும். அக்காவும் நானும் அந்த அறையின் வாசலில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினோம். அம்மா போன பிறகும் அவர் வத்தேகமையிலேயே தனியாக இருந்தார். அடுப்பில் கேத்தலை வைத்துவிட்டு அதை மறந்து கடைக்குப் போகத் தொடங்கியதும் நான் இங்கே கூட்டிவந்துவிட்டேன். குண்டசாலையில் ரயிலே கிடையாது. பழைய ஞாபகம் கிளறாது, நல்லதுதான் என்று கணக்குப் போட்டேன். என் கணக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

ரயில் இல்லாத ஊரில் அவர் ரயிலைத் தேடத் தொடங்கினார். ஒரு நாள் முன்வாசல் திறந்திருந்த நேரம் பார்த்து வெளியே போய், பல்லேகலை வரைக்கும் நடந்துவிட்டார். ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் ஸ்கூல் வேன்காரர் கண்டுபிடித்துக் கொண்டுவந்து விட்டார். செய்தி கேட்டு நாவலப்பிட்டியிலிருந்து அக்கா வந்தாள். அவள் டீச்சர். வகுப்பில் பேசுவதுபோலவே வீட்டிலும் பேசுவாள்.

"கட்டுகஸ்தோட்டைப் பக்கம் நல்ல இல்லம் ஒன்னு இருக்கு. நர்ஸ்மார் இருக்காங்க, சுத்திவர மதில் இருக்கு. ஒரு எடம் கேட்டு வச்சிருக்கேன்," என்றாள்.

"மதில் கட்டுறதுன்னா நானே கட்டுவேன். அப்பாவ அனுப்ப மாட்டேன்."

"நீ காலையில கடைக்குப் போயிடுற. உன் பொஞ்சாதி ஒருத்தி வீட்டுத் தையலையும் பாத்துக்கிட்டு இவரையும் எப்புடிப் பாப்பா? இன்னொரு தடவ ரோட்டுக்குப் போனாரு, நான் வேனோட வந்துருவேன். அப்ப ஒன்னும் பேசக்கூடாது."

"உன் பாடத்த ஸ்கூல்ல நடத்து," என்றேன். எனக்குக் கோபம் மூக்கின் நுனியில் குடியிருக்கிறது, அழைக்காமலே வரும்.

ஆனால் அக்கா கல்நெஞ்சுக்காரி இல்லை. என்னையாவது அப்பா 'தம்பி' என்று கூப்பிடுகிறார். ஊரில் எல்லா ஆண்களையும் அவர் தம்பி என்பவர்தான் என்றாலும் எனக்கு அதில் ஓர் ஆறுதல் இருந்தது. அக்காவை அவருக்குச் சுத்தமாகத் தெரியவில்லை. ஒவ்வொரு முறை வரும்போதும், "நீங்க யாரு வீட்டுப் புள்ளம்மா?" என்று மரியாதையாகக் கேட்பார். அவள் குளியலறைக்குள் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டு அழுவாள். வெளியே வரும்போது முகம் முன்னைவிட இறுகியிருக்கும். தன்னைத் தெரியாத அப்பா எங்கே இருந்தால் என்ன என்று அவள் நினைத்திருக்கலாம். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கண்டி டவுனில் எனக்குப் போட்டோகாப்பி மெஷினும் பிரிண்டரும் திருத்துகிற கடை. அக்கா எச்சரித்துவிட்டுப் போன பிறகு கடையிலும் மனம் ஒட்டவில்லை. போன் அடித்தாலே அப்பா வெளியே போய்விட்டார் என்ற செய்திதான் என்று கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எடுப்பேன். அப்படி ஒரு மத்தியானம், பெருமழைக்கு ஒதுங்கப் பழைய சாமான் கடை ஒன்றுக்குள் நுழைந்தேன். இஸ்திரிப் பெட்டிகளுக்கும் முள் இல்லாத கடிகாரங்களுக்கும் நடுவில் அது கிடந்தது. இங்கிலாந்தில் செய்த நீராவி இன்ஜின், உள்ளங்கைக்குள் வைத்துப் பிடிக்கலாம். கறுப்புப் பெயிண்ட் உரிந்து, ஒரு பக்கத்து இணைப்புத் தண்டு வளைந்து, சக்கரங்களில் பச்சைக் களிம்பு. நாட்டை விட்டுப் போன ஒரு குடும்பம் போட்டுவிட்டுப் போனது என்றார் கடை முதலாளி. டவுனில் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"தண்டவாளம் இருக்கு, பின்னால கொளுவுற பெட்டியும் இருக்கு. எல்லாத்தையும் சேத்து எடுங்களேன் தம்பி," என்றார்.

"இன்ஜினும் தண்டவாளமும் போதும் நானா. பெட்டிய வச்சு நான் என்ன செய்ய?"

ஏன் வாங்கினேன் என்று மனைவி கேட்டபோது சும்மா என்று சொன்னேன். சும்மா இல்லை. அப்பாவுக்கு ஞாபகம் போனது போனதுதான், திரும்பாது என்று பேராதனை ஆஸ்பத்திரி டாக்டர் அந்த மாதம்தான் சொல்லியிருந்தார். திருத்த முடியாது என்று ஒருவர் என்னிடம் சொன்னால் எனக்குத் தாங்காது, அது பிரிண்டராக இருந்தாலும். கையில் ஏதாவது ஒன்றைத் திருத்தியாக வேண்டியிருந்தது.

கடையில் வேலை குறைந்த நேரங்களில் அதைக் கழற்றினேன். உள்ளே போட்டிருந்த கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். மோட்டாரின் கரித்துண்டுகள் தேய்ந்து போயிருந்தன. பழைய பிரிண்டர் மோட்டாரின் கரியை அரத்தில் ராவிப் பொருத்தினேன். காந்தம் சக்தி இழந்திருந்தது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதுக்காந்தம் இரண்டை வைத்தேன். வளைந்த தண்டை நிமிர்த்தப்போய் உடைத்தேன், உடைத்த கோபத்தில் அன்று வந்த வாடிக்கையாளர் ஒருவரை வேறு கடை பார்க்கச் சொன்னேன். பிறகு வேறு தண்டு வெட்டினேன். ஒருவாறு மின்சாரம் கொடுத்ததும் சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றி நின்றது, முக்கியது, மறுபடி சுற்றியது. நான் கடையில் தனியாக நின்று கைதட்டினேன்.

அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் பலகை போட்டு, வட்டமாகத் தண்டவாளம் பூட்டினேன்.

"நாங்க இனி எங்க சாப்புடுறது?" என்றாள் மனைவி.

"மடியில வச்சுச் சாப்புடுவோம். கல்யாண வீட்டு புஃபேயில எல்லாம் அப்புடித்தானே."

"கல்யாண வீட்டுல இன்ஜின் ஓடாதுங்க."

ஓட்டினேன். சத்தம் கேட்டு அப்பா ஜன்னலை விட்டுத் திரும்பினார். மேசைக்குக் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். பிறகு இன்ஜின் போகிற போக்கில் அவரும் மேசையைச் சுற்றத் தொடங்கினார். இன்ஜின் வேகமாகப் போனால் அவரும் வேகமாக, மெதுவாகப் போனால் மெதுவாக. கதவுக் கொண்டியை மறந்தார், ஜன்னலை மறந்தார். அன்று பின்னேரம் முழுக்க வாசல் பக்கமே போகவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவுக்குப் போன் போட்டு, வேனுக்கு வேலை இல்லை என்று பெருமையடித்துக்கொண்டேன்.

மனைவி மட்டும் ஒன்று சொன்னாள். "மாமா வெளிய போகல, சரி. ஆனா உக்காரவும் இல்லையே. மொதல்ல நேரா நடந்தாரு, இப்ப வட்டமா நடக்குறாரு."

அவள் சொன்னது சரி. அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை, ஏதோ ஒரு அவசரம்தான் இருந்தது. ஆனால் நான் வெற்றி பெற்றவன். வெற்றி பெற்றவனுக்குக் காது கேட்காது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். போதும் என்று வைக்க எனக்குத் தெரியாது. இன்ஜின் ஓடுவதே அவரைக் கட்டிப் போடுகிறது என்றால், அது நிஜ ரயில் மாதிரி கூவினால் எப்படி இருக்கும்? இணையத்தில் தேடினேன். போனிலிருந்தே வேகத்தைக் கூட்டிக் குறைக்க, விளக்குப் போட, சத்தம் எழுப்ப ஒரு சின்னச் சிப் இருக்கிறது, நகத்தளவு. அதை வரவழைத்தேன். பழைய இன்ஜின்களில் உடம்பு இரும்பே ஒரு மின்கம்பியாக வேலை செய்யும். மோட்டாரை அதிலிருந்து முழுதாகப் பிரித்துவிட்டுத்தான் சிப்பைப் பொருத்த வேண்டும். அது எனக்குத் தெரியும், தெரிந்தும் அவசரத்தில் ஓர் இடத்தை விட்டுவிட்டேன். முதல் சிப் கருகி நாற்றம் எழுப்பியது. இரண்டாவது வரும்வரை என்னோடு பேச ஆள் இல்லை, அவ்வளவு எரிச்சலில் இருந்தேன். அது வந்ததும் நிதானமாக மோட்டாரின் ஒரு முனையை நைலான் துண்டு வைத்து ஒதுக்கி, வயர் போட்டு, நிலக்கரித் தொட்டிக்குள் சின்ன ஸ்பீக்கரைப் புதைத்தேன். முன்னால் மஞ்சள் விளக்கு. சத்தத்துக்காகப் பேராதனை ஸ்டேஷனுக்குப் போய் ஒரு மணிநேரம் காத்திருந்து, கண்டிக்குப் புறப்படும் டீசல் இன்ஜினின் ஹார்னைப் போனில் பதிந்து வந்தேன். நீராவி இன்ஜினுக்கு டீசல் ஹார்ன். ரயில் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அப்பா வேலைக்காலம் முழுக்கக் காதால் கேட்டது அந்த ஹார்னைத்தான், எனக்கு அதுதான் வேண்டும்.

அன்று போயா, பௌர்ணமி. கடைக்கு லீவு. சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம். மனைவி பின்வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் இன்ஜினைத் தண்டவாளத்தில் வைத்துப் போனை அழுத்தினேன். அந்தச் சின்ன உடம்பிலிருந்து வீடே அதிர ஹார்ன் வந்தது. நானே ஒரு துள்ளல் துள்ளினேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது என்று குனிந்து, போனில் அதைக் குறைக்க வழி தேடினேன். நிமிர்ந்து பார்த்தபோது அப்பாவைக் காணவில்லை. முன்வாசல் திறந்திருந்தது.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நான் செய்ததும் அதைத்தான்.

வெறுங்காலோடு ஓடினேன். எங்கள் ஒழுங்கை போய்ச் சேரும் பஸ் ரோட்டில், நட்ட நடுவில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா நின்றிருந்தார். இரண்டு கைகளையும் விரித்திருந்தார். அவர் நெஞ்சுக்கு முன்னால் கண்டி பஸ் ஒன்று நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதன் பின்னால் வாகனங்கள், எல்லாம் ஒரே நேரத்தில் ஹார்ன் அடித்தன. கண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி, "சீயா, அயின் வென்ன!" என்று சிங்களத்தில் தாத்தாவை விலகச் சொல்லிக் கத்தினார். யாரோ போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். என்னைத் தள்ளிவிட்டார். அத்தனை பலம் அவரிடம் மிச்சம் இருந்தது எனக்குத் தெரியாது.

"அப்பா, வாங்க வீட்டுக்கு!"

"கோச்சி போகுது, தெரியல? தள்ளி நில்லுங்க."

"கோச்சி எல்லாம் போயிருச்சுப்பா."

"டெயில் லாம்பு வரல. வராம தெறக்க முடியாது."

சொல்லிவிட்டு மறுபடி கைகளை விரித்தார். எனக்கு வெட்கமும் பயமும் சேர்ந்து கண்ணைக் கட்டியது. அவரைத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்று யோசித்தபோது எங்கள் ஒழுங்கையிலிருந்து ஒரு ஆட்டோ வந்தது. இடம் கிடைத்ததே என்று ரோட்டைக் குறுக்கே கடந்து, எதிர் ஒழுங்கைக்குள் இறங்கியது. அதன் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. அப்பா தலையைத் திருப்பி அந்த விளக்கைப் பார்த்தார். அது வளைவில் மறையும்வரை பார்த்தார். பிறகு கைகளைத் தாழ்த்தி, ஓரமாக நகர்ந்து, பஸ்ஸைப் பார்த்துக் கையை வீசினார்.

"சரி. போங்க, போங்க."

பஸ் போயிற்று. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கதிரையில் உட்கார்ந்தார். மனைவி கொடுத்த சோற்றைத் தட்டு வழிக்கிற மாதிரி சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொண்டார்.

"மாமா உக்காந்து சாப்புட்டாரு, பாத்தீங்களா?" என்றாள் மனைவி. நான் பார்க்கவில்லை. என் போன் அடித்துக்கொண்டிருந்தது. அக்காதான். அந்தப் படம் அதற்குள் நாவலப்பிட்டி போய்ச் சேர்ந்திருந்தது.

"ஞாயித்துக்கெழம காலையில வேனோட வாறேன். அவர் துணியெல்லாம் எடுத்து வை," என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அப்பாவை ரோட்டுக்கு அனுப்பியது நான்தான்.

மறுநாள் கடைக்குப் போகவில்லை. அப்பா காலையிலேயே பழையபடி நடக்கத் தொடங்கியிருந்தார். ஹார்னை அணைத்துவிட்டு இன்ஜினை மட்டும் ஓட்டினேன். வந்தார், மேசையைச் சுற்றினார். வேறு வேலை இல்லாததால் அன்றுதான் நான் இன்ஜினைப் பார்க்காமல் அவரைப் பார்த்தேன். அவர் இன்ஜினையே பார்க்கவில்லை. இன்ஜினுக்குப் பின்னால் இருந்த வெறும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார். இன்ஜின் ஒரு சுற்று முடிக்கும், அவர் கண் பின்னால் தேடும், அடுத்த சுற்று வந்துவிடும். ரோட்டில் அவர் சொன்ன வார்த்தை அப்போதுதான் என் மண்டைக்குள் இறங்கியது.

கோச்சியின் கடைசிப் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். அதைக் கண்ணால் கண்டால்தான் கோச்சி முழுதாகப் போய்விட்டது என்று அர்த்தம். மலைப் பாதையில் ஒரு பெட்டி கழன்று பின்னால் நின்றுவிட்டால் அது உருண்டு வரும். அதனால் இன்ஜின் போய்விட்டது என்று கேட்டைத் திறக்கக்கூடாது, பின்விளக்கு போனால்தான் திறக்கலாம். கேட்டடியில் வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். விளக்கைக் கண்டதும்தான் அப்பா கொடியைச் சுற்றி வைத்துவிட்டு எங்களோடு தேத்தண்ணி குடிக்க உட்காருவார். அதையெல்லாம் மறந்துவிட்டு, தலை மட்டும் இருக்கிற ஒரு கோச்சியை நாள் கணக்காக அவர் முன்னால் ஓட்டியிருக்கிறேன். அது முடிந்தபாடில்லை, அவரும் உட்கார்ந்தபாடில்லை.

மனிதரை இப்படி வதைத்தேனே என்று அழுகை வந்தது. அழுதுகொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு டவுனுக்குப் போனேன்.

"பொட்டி இருக்கா நானா?"

"அண்டைக்கே சொன்னேனே, எடுங்கண்டு," என்று சிரித்தபடி கடை முதலாளி மேசையடியில் கிடந்த அந்தப் பெட்டியைத் தூசி தட்டிக் கொடுத்தார். மூடியில்லாத சாமான் பெட்டி, ஒரு சக்கரம் ஆடியது. எதையும் திருத்துவேன் என்று திரிகிறவனுக்கு அது போதும் என்று நினைத்தேன்.

போதவில்லை. அந்தப் பெட்டி என்னைப் பாடாய்ப் படுத்தியது. வளைவில் ஏறினால் கவிழ்ந்தது. சக்கரங்களின் இடைவெளி குறைவு, அச்சை இழுத்து அகலமாக்கினேன். பெட்டியின் பின்னால் வைத்த சிவப்பு விளக்குக்குத் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுத்தேன். சக்கரம் கொஞ்சம் துள்ளினாலும் விளக்கு மின்னி மின்னி அணைந்தது. அணைந்து எரிகிற விளக்கை அப்பா நம்புவாரா? அதைக் கழற்றிவிட்டுக் கைக்கடிகார பேட்டரி வைத்தேன். இன்ஜினில் கொளுவும் கொக்கி ஒரு மாதிரி, பெட்டியின் கொக்கி வேறு மாதிரி. கம்பி வளைத்தேன், அது நழுவியது. வேறு கம்பி வளைத்தேன். சனிக்கிழமை போய், ஞாயிறு வந்தது. சாலிடர் வாசம் வீட்டை நிறைத்திருக்க, அப்பா எனக்குப் பின்னால் நடந்துகொண்டிருக்க, வாசலில் வேன் வந்து நின்றது.

அக்கா உள்ளே வந்தாள். மேசையையும் என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளே அலுமாரியைத் திறந்து அப்பாவின் சட்டைகளையும் சாரங்களையும் பையில் வைத்தாள், மருந்துகளை ஒரு டவலில் சுற்றி வைத்தாள். மனைவி நல்ல சட்டை ஒன்றைப் போட்டுவிட்டு, பட்டன் பூட்டும்போது மூக்கை உறிஞ்சினாள்.

"அப்பா, வாங்க. வெளிய போயிட்டு வருவோம்," என்றாள் அக்கா.

அப்பா நடையை நிறுத்தி அவளைப் பார்த்தார். "நீங்க யாரு வீட்டுப் புள்ளம்மா?"

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் கையைப் பிடித்தாள். வேன் டிரைவர் வாசலில் ஏறி நின்றார். கொக்கி பிடிக்குமா, பெட்டி கவிழுமா என்று பார்க்க நேரமில்லை. போனை அழுத்தினேன்.

ஹார்ன் கூவியது. அப்பா அக்காவின் கையை உதறிவிட்டு ஹாலின் நடுவுக்கு வந்து இரண்டு கைகளையும் விரித்தார். இந்தப் பக்கம் பையோடு அக்கா, அந்தப் பக்கம் டிரைவர். "நில்லுங்க, கோச்சி வருது," என்றார். குரல் உறுதியாக இருந்தது. டிரைவர் பாவம், உண்மையாகவே ஒரு அடி பின்னால் வைத்தார்.

இன்ஜின் மஞ்சள் வெளிச்சத்தோடு வளைவில் வந்தது. பின்னால் அந்த ஓட்டைப் பெட்டி ஆடி ஆடி வந்தது. கவிழவில்லை. அப்பாவின் கண் இன்ஜினை விட்டுவிட்டுப் பின்னால் போனது. அங்கே சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது. அவர் அதோடு தலையைத் திருப்பினார். அது மேசையின் மறுபக்கம் வந்து, தண்ணீர்க் கூஜாவுக்குப் பின்னால் மறைந்ததும் நான் கோச்சியை அங்கேயே நிறுத்தினேன்.

அவர் தோள் இரண்டும் இறங்கின. கைகளைத் தாழ்த்தி, சுவர் ஓரமாக நகர்ந்து வழிவிட்டார்.

"டெயில் லாம்பு போயிருச்சு," என்றார். பிறகு அக்காவைப் பார்த்தார். "ரொம்ப நேரம் நிக்கவச்சிட்டேன் அம்மா, மன்னிச்சுக்குங்க. இனி போகலாம். வேனையும் போகச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டார்.

அக்கா அசையாமல் நின்றாள். அவள் எத்தனையோ நாள் அந்தக் கேட்டடியில் புத்தகப் பையோடு இதே முகத்தைப் பார்த்து நின்றவள். அந்த முகத்தை நானும் அவளும் பல காலத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தோம். அவள் பையோடு வெளியே போனாள். டிரைவரும் போனார். முடிந்தது, பையை வேனில் வைத்துவிட்டு அப்பாவைக் கூட்டிப்போக வரப்போகிறாள் என்று நினைத்தேன். வாசலில் போய் மறித்து நிற்க எழுந்தேன். வேன் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. ஒழுங்கையில் இறங்கி, பஸ் ரோட்டில் திரும்பி, சத்தம் தேய்ந்து போனது.

அக்கா பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"வேன அனுப்பிட்டேன்," என்றாள். "அவரே போகச் சொல்லிட்டாரே."

என்னிடம் இருந்த கோபம் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவள் கையிலிருந்த பையை வாங்கினேன். அவள் அப்பாவின் முன்னால் போய் நின்றாள். அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னும் நிக்கிறீங்களே அம்மா. பாத தெறந்தாச்சே, போகலயா?"

அக்காவின் கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது, இந்த முறை அவள் குளியலறைக்கு ஓடவில்லை.

"அடுத்த கோச்சியையும் பாத்துட்டுப் போறேங்க," என்றாள்.

அப்பா தண்டவாளத்தை எட்டிப் பார்த்தார்.

"அதுக்கு நேரம் கெடக்கு," என்றார். என் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்தம்மாவுக்கு ஒரு கதிர போடுங்க."

நான் அவருக்குப் பக்கத்திலேயே போட்டேன்.